பதில் எழுதாத ஆறு சீட்டுகள்

எங்கள் நூலகத்தில் அவரை எல்லோரும் அகராதி என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேரே 'அகராதி அக்கா'. முதுகுக்குப் பின்னால் 'அக்கா'வை விட்டுவிடுவோம். அந்தச் சொல்லுக்கு இருக்கும் இரண்டு அர்த்தமும் அவருக்குப் பொருந்தும். எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். அந்தப் பதில் தவறு என்று யாராவது வாயெடுத்தால், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். கேட்டவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படியிறங்குவார்.

நான் கீழ்த்தளத்தில் புத்தகம் வழங்கும் மேசையில் இருந்தேன். அக்கா மூன்றாம் மாடியில், குறிப்புதவிப் பிரிவில். வெளியே எடுத்துப்போகக் கூடாத தடித்தடி நூல்கள் எல்லாம் அங்கேதான். அந்தப் பிரிவுக்கு ஒரு பழைய விதி உண்டு. வாசகர் ஒரு கேள்வியைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால், இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பதையும் குறிப்பிட வேண்டும். பத்தொன்பது வருடத்தில் ஒரு சீட்டைக்கூட அக்கா பாக்கி வைத்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார், சொல்லவும் தகுதி இருந்தது.

வீட்டில் கணவர் பேருந்து ஓட்டுநர், அதிகம் பேசாதவர். பேச்சுக்கு மாமியார் இருந்தார். தொலைக்காட்சியில் வினாடி வினா வந்தால் முதல் ஆளாக உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் உரத்த குரலில் தப்பான பதில் சொல்வாராம். சரியான பதில் திரையில் வந்ததும், "பாவம், அவங்களுக்கே தெரியல" என்பாராம். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "எங்க மாமியார் தைரியத்துல கால்வாசி எனக்கிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்" என்பார். அப்போது நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

ஆண்டுதோறும் நூலகத்தின் கீழ்த்தள அரங்கில் பொது அறிவுப் போட்டி நடக்கும். திரை, வரலாறு, புவியியல், விளையாட்டு என்று நான்கு பிரிவு. கேள்விகள் அனைத்தும் அக்கா தயாரிப்பவை. லேசுப்பட்ட கேள்விகள் இல்லை. இரண்டாம் உலகப்போர் நடந்தபோது ஆஸ்கர் சிலைகளை எதில் செய்தார்கள்? சாயம் பூசிய பிளாஸ்டரில். ஒலிம்பிக் தீபத்தைக் கையில் ஏந்தி ஓடும் தொடரோட்டம் எந்த ஆண்டில் தொடங்கியது? பண்டைய கிரேக்கம் என்று எல்லோரும் பாய்ந்து சொல்வார்கள். சரியான பதில் 1936. ஒரு மணி நேரம்கூட நீடிக்காத போர் எங்கே நடந்தது? ஜான்சிபாரில், 1896இல். கேள்வி ஒரு பக்கமும் பதில் மறுபக்கமுமாக அட்டைகளில் தன் கையால் எழுதி, உறையிலிட்டு ஒட்டித் தருவார். மேடையில் மைக் பிடிப்பவருக்கும் முன்கூட்டித் தெரியாது. அட்டையில் இருப்பதே இறுதி.

அந்த வருடம் கடைசிச் சுற்றில் இரண்டு பேர் சம நிலையில் நின்றார்கள். ஒருவர் கல்லூரி விரிவுரையாளர். இன்னொருவர் லிஃப்ட் மெக்கானிக். மெக்கானிக் எட்டு வருடமாகத் தொடர்ந்து கலந்துகொண்டவர். ஐம்பதை நெருங்கும் வயது, எண்ணெய்க் கறை போகாத நகங்கள். கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் திக்காமல் பேசுவார், மற்ற நேரத்தில் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் வியர்த்துவிடும். ஜெயிப்பவர் தொலைக்காட்சிப் போட்டிக்கு ஊர் சார்பில் போவார் என்பதால் அவருடைய பட்டறையிலிருந்து ஒரு கூட்டமே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

கடைசிக் கேள்வி: உலகில் மிக அதிகமான நேர மண்டலங்கள் கொண்ட நாடு எது?

"பிரான்ஸ்" என்றார் மெக்கானிக்.

மைக் பிடித்தவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ரஷ்யா. மன்னிக்கணும்."

"இல்லைங்க. ரஷ்யாவுக்குப் பதினொண்ணு. பிரான்ஸுக்குக் கடல் தாண்டியும் பகுதிகள் இருக்கு. எல்லாம் சேர்த்தா பன்னெண்டு."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மைக் பிடித்தவர் ஓரத்து மேசையில் இருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அந்த நொடியைப் பற்றிப் பிற்பாடு அக்கா என்னிடம் சொன்னார். அவசரத்தில் ஒரு பழைய ஆண்டு நூலைப் பார்த்து எழுதிய அட்டை அது. மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம் என்று அப்போதே தோன்றியிருக்கிறது. அரங்கம் முழுக்க அக்காவையே பார்த்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அட்டை சரிதான் என்பதுபோலத் தலையசைத்தார்.

விரிவுரையாளருக்குக் கோப்பை போயிற்று. மெக்கானிக்குக்குப் பட்டறையில் 'பிரான்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலை அக்கா புதிய அட்லஸை எடுத்து எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு இருந்தது. மறுபடி எண்ணினார், அப்போதும் பன்னிரண்டுதான். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து மெக்கானிக் மூன்றாம் மாடிக்கு வந்தார். ஒரு மணி நேரம் ஒரு மூலையில் அமர்ந்து படித்தார். போகும்போது பெட்டியில் ஒரு சீட்டைப் போட்டார். பெட்டியைத் திறப்பது அக்கா மட்டும்தான். சீட்டில் கட்டம் போட்டாற்போன்ற எழுத்தில் இருந்தது: 'உலகில் மிக அதிகமான நேர மண்டலங்கள் கொண்ட நாடு எது?'

விதிப்படி இரண்டு நாளில் பதில் எழுத வேண்டும். எழுதினால் தன் கையெழுத்தில் தன் தவறு. அக்கா அதைக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்து இழுத்து மூடினார்.

அடுத்த வாரம் இரண்டாவது சீட்டு வந்தது. 'முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை' என்று மேலே ஒரு வரி. கீழே கேள்வி: 'லிஃப்ட் வந்து நிற்காத தளத்தில், லிஃப்டின் வெளிக்கதவு திறக்கலாமா?'

மூன்றாவதிலும் அதே மேல் வரி. கேள்வி: 'கதவுப் பூட்டு வேலை செய்யாதபோதும் லிஃப்ட் ஓடுகிறது என்றால், உள்ளே என்ன செய்து வைத்திருப்பார்கள்?'

இரண்டும் ஜிப்புக்குள் போயின. அக்காவுக்கு அந்தக் கேள்விகள் கண்ணிலேயே படவில்லை. மேலிருந்த அந்த ஒரு வரிதான் அவரைக் குத்தியது. அந்த ஆள் தன்னைத் துரத்துகிறார் என்றே நினைத்தார்.

அதன்பின் மெக்கானிக் வாரத்தில் மூன்று நாள் வரத் தொடங்கினார். சரியாக நாலு மணிக்கு மூன்றாம் மாடி லிஃப்டின் கதவு சத்தமிடும். வெளியே வந்தவர் உடனே நகர மாட்டார். கதவை மூடி, கைப்பிடியை மெல்ல இழுத்துப் பார்ப்பார். ஒரு நொடி குனிந்து கதவிடுக்கில் பார்வையை ஓட்டுவார். பிறகு திரும்பி அக்காவைப் பார்ப்பார். எதுவும் பேச மாட்டார்.

நாலு மணி நெருங்கினாலே அக்கா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் முகம் வெளிறிக் கிடக்கிறது என்று நான் கேட்டபோது, தலைவலி என்றார். கணவரிடம் ஒருநாள் மட்டும், "ஒரு வாசகர் என்னையே முறைச்சுப் பார்க்கிறார்" என்று சொன்னாராம். "என்ன காரணம்?" என்று அவர் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

நாலாவது சீட்டில் மேல் வரி இல்லை. 'இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்ட் குழியின் அடிவரை எத்தனை அடி?'

ஐந்தாவது: 'நாற்பது அடி உயரத்திலிருந்து விழும் ஒருவர் தரையைத் தொட எத்தனை வினாடி ஆகும்?'

அக்கா தன்னையறியாமல் மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டார். சுமார் ஒன்றரை வினாடி.

ஆறாவது: 'குறிப்புதவிப் பிரிவில் வேலை செய்பவர்கள் ஒரு நாளில் எத்தனை முறை லிஃப்டில் போகிறார்கள்?'

அன்றே அக்கா தலைமை நூலகரிடம் போனார். நாலு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று சீட்டுகளை மட்டும் மேசைமேல் வைத்தார். முதல் மூன்றையும் ஜிப்பிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால், 'முதல் கேள்வி என்ன?' என்று தலைமை நூலகர் கேட்பார். அந்த மூன்றையும் பார்த்தால் மற்ற மூன்றுக்கும் வேறு அர்த்தம் வரும் என்பது அப்போது அவர் புத்திக்கு எட்டவில்லை.

தலைமை நூலகர் சீட்டுகளைப் படித்துவிட்டு, "இந்த ஆளா? எனக்குத் தெரியும்மா" என்றார். "போட்டி முடிஞ்சு ரெண்டு மூணு வாரத்துல என்கிட்ட வந்தான். லிஃப்டு சரியில்ல, கதவு சரியில்லன்னு திக்கித் திக்கிச் சொன்னான். சோதனை அட்டையைக் காட்டினேன். போன மாசம்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. பராமரிப்பு ஒப்பந்தம் அவன் பட்டறையை விட்டு வேற கம்பெனிக்குப் போன வயித்தெரிச்சல். இப்ப உங்களையும் பயமுறுத்துறானா?"

"ஆமாங்க சார்" என்றார் அக்கா.

மறுநாள் நாலு மணிக்கு வாயிலிலேயே மெக்கானிக்கைத் தடுத்தார்கள். காவலாளி உறுப்பினர் அட்டையை வாங்கிக்கொண்டார். என் மேசையிலிருந்து எல்லாம் தெரிந்தது. அவர் சண்டை போடவில்லை. ஏதோ சொல்ல முயன்றார், முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கிக்கொண்டது. கையால் மேலே காட்டினார். லிஃப்ட் பக்கம் காட்டினார். "போங்க சார், தொல்லை பண்ணாதீங்க" என்று காவலாளி தோளில் கைவைத்து வெளியே அனுப்பினார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று சிறிது நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்விட்டார். அன்று அக்கா நாலரை மணிக்கு இறங்கி வந்து, "அப்பாடா, இன்னிக்கு நிம்மதியா தூங்குவேன்" என்றார்.

லிஃப்டைப் பற்றி நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. இழுத்துத் திறக்கும் கதவுள்ள பழைய லிஃப்ட் அது. முன்பெல்லாம் லிஃப்ட் வந்து நின்ற பிறகும் கதவைப் பிடித்து இழுத்தால்தான் திறக்கும். அந்த வருடம் லேசாகத் தொட்டாலே திறந்தது. "இப்பதான் ஒழுங்கா எண்ணெய் போட்டிருக்காங்க" என்று நாங்கள் பாராட்டினோம். அதிகம் பாராட்டியவர் வண்டி அண்ணன். புத்தகம் அடுக்கிய தள்ளுவண்டியை எல்லா மாடிக்கும் கொண்டுபோகிறவர், அதனால் அந்தப் பெயர். ஒரு கையால் கதவைத் திறந்து, முதுகு முன்னால் போக, வண்டியை இழுத்தபடி பின்னோக்கி லிஃப்டுக்குள் ஏறுவார். இருபது வருடப் பழக்கம்.

மெக்கானிக்கை நிறுத்திய ஒன்பதாம் நாள், காலை பதினொரு மணி. நான் ஒரு வாசகருக்குத் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். மேலே எங்கேயோ பெரிய அலமாரி சரிந்தது போல ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து புத்தகங்கள் ஒவ்வொன்றாக விழும் சத்தம், வெகுநேரம். பிறகு மூன்றாம் மாடியிலிருந்து அக்காவின் குரல். அது அக்காவின் குரல் என்று எனக்குப் புரியவே சற்று நேரம் ஆயிற்று.

லிஃப்ட் முதல் மாடியில் நின்றிருந்தது. மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. வண்டி அண்ணன் வழக்கம்போல் பின்னோக்கிக் கால் வைத்தார். வண்டியும் அவர்மேலேயே வந்தது. நல்லவேளை, குழியின் அடிவரை போகவில்லை. கீழே நின்றிருந்த லிஃப்டின் கூரைமேல் விழுந்தார். தீயணைப்புக்காரர்கள் வந்து வெளியே எடுக்க நாற்பது நிமிடம் ஆனது. இடுப்பெலும்பும் இடது தொடையும் முறிந்திருந்தன. உயிர் இருந்தது.

எல்லோரும் மருத்துவமனைக்குப் போன பிறகு, அக்கா மூன்றாம் மாடியில் கைப்பையைத் திறந்து முதல் மூன்று சீட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தார். என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். நான் படித்தேன். இரண்டாவதைப் படித்ததும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பயமுறுத்தலைடி அந்த மனுஷன்" என்றார். "வாயால சொல்லிப் பார்த்திருக்கார், யாரும் கேக்கல. எழுதிக் கேட்டா நான் தேடிப் பார்த்துப் பதில் எழுதியே ஆகணும், அதான் விதி. அந்த விதியை நம்பி எழுதியிருக்கார்."

நான் சீட்டுகளைத் திரட்டி அவரிடம் கொடுத்தேன்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனார். கம்பிச் சுருள்களுக்கும் கழற்றிப்போட்ட மோட்டார்களுக்கும் நடுவே ஒரு முக்காலியில் அமர்ந்து அவர் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது. எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க கேட்ட முதல் கேள்விக்குப் பதில் பிரான்ஸ்தாங்க. நான்தான் தப்பு பண்ணினேன். அன்னிக்கே தெரியும் எனக்கு" என்றார் அக்கா.

மெக்கானிக் துணியைக் கீழே வைத்தார். திக்கவில்லை. "அது எனக்கும் தெரியுங்க. முதல் சீட்டை அந்தக் கோபத்துலதான் போட்டேன், பொய் சொல்லல. அன்னிக்கு வர்றப்ப போறப்ப அந்தக் கதவைப் பார்த்தேன். கெட்டுப்போன பூட்டை மாத்தாம, லிஃப்ட் ஓடறதுக்கு ஒயர் வெச்சு ஏமாத்தியிருக்காங்க. அப்புறம் போட்ட அஞ்சும் அதுக்காகத்தான். அந்த அஞ்சுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கலாம்."

அக்கா தலைகுனிந்து நின்றார்.

"விழுந்தவருக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார் மெக்கானிக்.

"ரெண்டு."

அவர் மறுபடி துணியை எடுத்துக்கொண்டார். நாங்கள் வந்துவிட்டோம்.

ஒரு மாதத்தில் விசாரணை நடந்தது. மூன்று பேர் கொண்ட குழு, நீளமான மேசை. லிஃப்ட் பழுதைப் பற்றி யாரும் தன்னிடம் தெரிவிக்கவில்லை என்று தலைமை நூலகர் சொன்னார். அவருடைய அறையில் இருந்த மூன்று சீட்டுகளும் அதற்குள் காணாமல் போயிருந்தன. ஆனால் அவற்றை அவரிடம் கொடுத்த நாளிலேயே அக்கா நகல் எடுத்து வைத்திருந்தார். எதையும் நகலெடுத்து வைப்பது அவருடைய தொழில் பழக்கம்.

குழுத்தலைவி அக்காவிடம் கேட்டார்: "கதவு பழுதுன்னு முன்னாடியே இங்க யாருக்காவது தெரியுமா?"

"தெரியும். தலைமை நூலகர்கிட்ட நேர்ல சொல்லியிருக்காங்க. அதை அவரே என்கிட்ட சொன்னார். எனக்கு எழுத்துல வந்தது. நான் மறைச்சேன்."

மூன்று சீட்டுகளையும் மூன்று நகல்களையும் மேசைமேல் வைத்தார். எதற்காக மறைத்தீர்கள் என்று கேட்டார்கள். போட்டியைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார். குழுவில் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். "இதுக்காகவா?" என்றார். "இதுக்காகத்தாங்க" என்றார் அக்கா.

பராமரிப்பு நிறுவனத்தின் உரிமம் போயிற்று. பூட்டுக்குக் குறுக்கே ஒயர் கட்டியவர்மேல் வழக்கு நடந்தது. தலைமை நூலகர் மாற்றலாகிப் போனார். அக்காவுக்கு எழுத்தில் கண்டனம், கீழ்த்தளத்தில் நாளிதழ்ப் பிரிவுக்கு மாற்றம். வேலை போகவில்லை. போயிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று ஒருமுறை சொன்னார். போட்டியை நூலகம் கைவிட்டுவிட்டது. வீட்டில் மாமியார் வினாடி வினா பார்க்க உட்கார்ந்தால் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாராம்.

இவையெல்லாம் முடிந்த பிறகும் வண்டி அண்ணனின் வீட்டுக்குப் போகாமலே இருந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தனியாகப் போனார். இரண்டு அறை வீடு. அண்ணனின் மனைவி வாசலிலேயே நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அழவில்லை, திட்டவில்லை.

"எல்லாரும் வந்து பார்த்தாங்க. பழம் வாங்கிட்டு வந்தாங்க. இதை மட்டும் யாரும் சொல்லல. உள்ள வாங்க. இதை அவர்கிட்டயே சொல்லுங்க."

"வேணாங்க. அவருக்கு இன்னும் வேதனையாகும்."

"பின்னாடி பார்க்காம கால் வெச்சது தன் தப்புன்னு தினமும் சொல்லிட்டுக் கிடக்கார். புள்ளைங்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேக்கறார். நீங்க சொல்லித்தான் ஆகணும்."

அக்கா உள்ளே போனார். அண்ணன் கட்டிலில் படுத்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்திரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஆறு சீட்டையும் பற்றி வரிசையாகச் சொன்னார். எதையும் விடவில்லை. அண்ணன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

சொல்லி முடித்ததும் அண்ணன் கேட்டார்: "அப்ப நான் பார்க்காம போனது தப்பில்லையா?"

"இல்லண்ணே."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மனைவி போர்வையை இழுத்துவிட்டார். அக்கா வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, பின்னாலேயே வந்த அந்த அம்மா தாழ்ந்த குரலில், "இனிமே வராதீங்க" என்றார்.

அக்கா திரும்பப் போகவில்லை.